நடுவில் ஒரு புள்ளி

ராயக்கோட்டை மண்டியில் மணி இரண்டரை.
பெங்களூர் லாரிக்குக் காய் பிரிக்கிறேன்.
செங்காய் தூரத்துக்கு, பழுத்தது உள்ளூருக்கு,
புள்ளி விழுந்ததை ஓரமாய் எறிவோம், ஆடு தின்னும்.
கை பாட்டுக்குப் பிரிக்கும்.
அதனால்தான் இந்த நேரத்தில்
மனசு அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்கிறது.

மூன்று வருஷமாகிறது.
டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு
பின்பக்கத்தில் கட்டமும் வட்டமுமாக வரைந்தார்.
ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம்.
உங்க அம்மாவுக்கு அண்ணன் தம்பி?
இருந்தாங்க மேடம், ரெண்டு பேர்.
ஒருத்தர் பதினோரு மாசத்தில், சளி.
இன்னொருத்தர் நடக்கப் பழகின பிறகு,
காது வடிந்து வடிந்து.
உங்களுக்கு?
தம்பி ஒருத்தன்.
முனியப்பனுக்கு நேர்ந்த முடி இறக்காமலே
முடியோடு புதைத்தோம்.

சொல்லச் சொல்லக் கட்டங்கள் கறுப்பாயின.
லோகித்தின் கட்டத்தில் மட்டும்
பேனா கொஞ்சம் மெதுவாகப் போனது.
என் வீட்டுக்காரர் தன் கட்டத்தை
நாலு தரம் எட்டிப் பார்த்தார்.
வெள்ளை.
எனக்கு ஒரு வட்டம் போட்டு
நடுவில் ஒரே ஒரு புள்ளி வைத்தார்.
நான் என்னையறியாமல் நெற்றியைத் தொட்டேன்.

ஊர் சொன்ன காரணம் வேறு.
ஆண் தங்காத வயிறு என்பார்கள்,
சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலேயே
மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள்.
அம்மா கடனுக்குக் கடாய் வெட்டினாள்.
அந்தக் கடன் அடைந்தது.

டாக்டரம்மா சொன்னது எனக்கு இப்படிப் புரிந்தது:
ஆறு மாசம் வரை என் ரத்தம் கொடுத்தனுப்பிய காவல்
வாசலில் நின்றது.
அது போன பிறகு இவன் உடம்பு ஒரு வெகுளி.
நேற்று வந்து அடித்துப் போட்டவனே
இன்றைக்கும் கதவைத் தட்டினால்
யாருங்க, உள்ள வாங்க என்று திறந்துவிடும்.
எந்தக் காய்ச்சலும் அதற்கு முதல் காய்ச்சல்.

அதனால் நாலு வாரத்துக்கு ஒருமுறை
ஐந்து பத்து வண்டி.
உத்தனப்பள்ளி, ஓசூர், அத்திப்பள்ளியில் நெரிசல்,
ஆஸ்பத்திரிக் கட்டில்.
பாட்டிலில் தொங்குவது ரத்தமில்லை, அதன் தெளிவு.
ஆயிரம் பேருக்கு மேல் கொடுத்ததை
ஒன்றாய்க் கலந்தது என்றாள் நர்ஸ்.
எந்த ஊரிலோ எவனோ இருமி இருமிக் கற்றது
என் பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாய் இறங்குகிறது.
அவர்கள் சாதி கேட்கத் தோன்றவில்லை எனக்கு.
முகம் ஒன்றாவது பார்க்க முடிந்தால்
ஒரு கூடை மாங்காய் கொடுத்திருப்பேன்.

மாசக் கடைசியில் பாடம் மறந்துபோகும்.
கண்ணோரம் பீளை கட்டும்,
காலண்டர் பார்க்கத் தேவையில்லை.
தக்காளி விலை சரிந்தால்
ரோட்டோரம் கொட்டிவிட்டு வருகிறோம்,
பாட்டில் விலை ஒருநாளும் சரிவதில்லை.

ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம்.
கெலமங்கலத்து மாப்பிள்ளை.
அந்தத் தாளைக் கண்ணுல காட்டாதே என்கிறாள் அம்மா,
அவளுக்கு இருக்கணும்னு என்ன தலையெழுத்து?
சரிதான். பாதிக்குப் பாதி.
சிவரஞ்சனியின் வட்டத்தை
டாக்டரம்மா காலியாகத்தான் விட்டிருந்தார்.

நான் காட்டவில்லை.
பருப்பு டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன்,
போன வாரம் எடுத்தபோது
மடிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

மணி ஐந்து. கையில் காயின் பச்சை வாசம் போகவில்லை.
பஸ் நிறுத்தத்தில்
மப்ளர் சுற்றிய லோகித்தைத் தோளில் போட்டபடி
அவள் நிற்கிறாள்.
தலை வாரியிருக்கிறாள். ஆதார் கார்டு கையில்.
அம்மாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை,
ஊசி பெரிசா இருக்குமா என்று மட்டும் கேட்டாள் அவள்.

கண்டக்டர் வருகிறார்.
எப்போதும் ஒண்ணரை வாங்குகிறவள்
பெங்களூருக்கு
ரெண்டரை என்கிறேன்.